கப்பல் வருமுன்

டுலூத் துறைமுகத்தில் ஏரி இன்னும் கல்லாகத்தான் கிடக்கிறது.
மார்ச் இருபத்தைந்தில் முதல் கப்பல் என்கிறார்கள்.
அன்று காலை ஆறு மணிக்கு
தூக்குப் பாலத்தின் கூண்டில் நான் இருக்க வேண்டும்.
இன்னும் பத்தொன்பது நாள்.

விடியாத நான்கு மணி.
ஸெல்மா ஒரு பக்கம் குடித்துவிட்டு
வாய் திறந்தபடியே தூங்கிப்போகிறாள்.
மறுபக்கத்தை பம்பிடம் கொடுக்கிறேன்.
இழுக்கிறது, விடுகிறது, இழுக்கிறது.
கேட்டுக்கொண்டே இருந்தால் பேச ஆரம்பித்துவிடும்.
நேற்று முழுக்க 'போதாது போதாது' என்றது.
இன்று 'வாடகை வாடகை'.

இடது கொடைவள்ளல்.
வலது கருமி, எண்ணி எண்ணித்தான் தரும்.
கால் மணி நேரத்தில் முப்பது மில்லி,
அதிலும் ஐந்து நுரை.
பாட்டிலைப் பார்க்காதே, பார்த்தால் வராது
என்றாள் மருத்துவமனைச் செவிலி பெரெனீஸ்.
ஸெல்மாவின் காலுறையை அதன்மேல் மாட்டிவிட்டேன்.
கோடு தெரியாது. கனம் தெரியும்.
தொள்ளாயிரம் டன் இரும்பை
ஒரு விசையால் ஏற்றி இறக்கிச் சம்பளம் வாங்குகிறவள்
ஒரு காலுறையைக் கையில் வைத்து
தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன்.

பைகளைத் தட்டையாகப் படுக்கவைத்து உறையவிடுகிறேன்.
மேலே தேதி, அளவு, அழியாத மையில்.
இடம் போதவில்லை.
நவம்பரில் சுட்ட மானை வாளியோடு தூக்கிக்கொண்டுபோய்
கார்க் கொட்டகையில் வைத்தான் ஆன்டர்ஸ்.
"இந்த ஊரில் ஃப்ரீசருக்கு உள்ளேதான் கொஞ்சம் கதகதப்பு."
சிரித்தேன். சிரித்ததில்
வலது பக்கம் இரண்டு சொட்டு கூடுதலாய் விட்டது.

ஒரு நாள் முழங்கை பட்டு
எண்பது மில்லி அடுக்களைத் தரையில்.
அழவில்லை.
மண்டியிட்டு, அது போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆறு வருடம் குடியிருந்த வீட்டின் தரை
வடக்கே சாய்ந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.
பூனை வந்தது.
விரட்டவில்லை. யாராவது குடிக்கட்டும்.

பிறகு இரவுகளில் ஏரி முனக ஆரம்பித்தது.
பனி பிளக்கும் சத்தம்
படுக்கையறைச் சுவர்வரை வந்தது.
ஊரே வசந்தம் என்றது.
நான் பைகளை எண்ணினேன். முப்பத்தொன்று.

இருபத்தைந்தாம் தேதி.
மூடுபனிக்குள்ளிருந்து ஒரு கப்பல் கூவியது,
நீளம், குட்டை, நீளம், குட்டை.
அதே போல் நான் பதில் கூவ வேண்டும், அதுதான் முறை.
கை விசைக்குப் போகுமுன்
சட்டை நனைந்துவிட்டது.
இரண்டு பக்கமும். கருமிகூட.
முந்நூறு மீட்டர் நீளக் கப்பலை
பசித்த பிள்ளை என்று நினைத்துக்கொண்ட உடம்பை
என்ன சொல்லித் திட்டுவது?
லைல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு
"இன்று பனி ரொம்ப அடர்த்தி" என்றார்,
தெளிவாகத் தெரிந்த கலங்கரை விளக்கைப் பார்த்தபடி.
பாலத்தை ஏற்றினேன்.

வீட்டில் ஆன்டர்ஸ் பாட்டிலை நீட்டினான்.
இளக்கிய மூன்று பைகளில்
குடித்தது இருபது மில்லி.
"மிச்சத்தைத் துப்பினாள்.
கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்."

முதலில் வந்தது கோபம்தான்.
பத்தொன்பது நான்கு மணிகள், மான், பூனை,
எல்லாவற்றுக்கும் சேர்த்து.
கோட்டுகூடக் கழற்றவில்லை, அவள் தாவிவிட்டாள்.
கொடைவள்ளலைக் காலி செய்தாள்.
இரவு ஒன்பதுக்கு, பதினொன்றுக்கு, ஒன்றரைக்கு
மீண்டும் மீண்டும் வந்தாள்,
பகலெல்லாம் சேமித்து வைத்த பசியோடு.

வலப்பக்கம் மாற்றிப் போட்டேன்.
எவ்வளவு குடித்தாள் என்று தெரியாது.
அவளும் சொல்லப்போவதில்லை.
நாளை முதல் கப்பல் ஆறு இருபதுக்கு.
பம்பை இன்னும் கழுவவில்லை.